70 வளைவுகளுக்கு மேலே 14 நாடுகள்

குமாரபாளையத்தில் தறிச் சத்தம் ஓயும் ஞாயிற்றுக்கிழமையில், "எங்காவது மலைப் பக்கம் போய் வரலாமா?" என்ற பேச்சு எழுந்தால் மூன்று பெயர்கள்தான் முதலில் வரும். ஏற்காடு, ஊட்டி, கொல்லிமலை. முதல் இரண்டும் வெள்ளைக்காரர்கள் வெயிலுக்குத் தப்ப ஏறி உருவாக்கிய ஊர்கள். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். அதன் பின்னால் தோட்டங்கள் வந்தன, பங்களாக்கள் வந்தன, ஏற்காடு கோடை வாசத்தலமானது. கொல்லிமலைக்கு அந்தக் கதை இல்லை. மலேரியாக் காய்ச்சல் பிடிக்கும் மலை என்ற பேச்சு நெடுங்காலம் அதைச் சுற்றி இருந்தது. கோடை பங்களாக்களின் நகரம் அங்கே எழவே இல்லை.

அதனால் அந்த மலை காலியாகக் கிடக்கவும் இல்லை. உச்சியில் 14 நாடுகள் இருக்கின்றன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேளூர் நாடு, தேவானூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, அரியூர் நாடு என்று நீளும் அந்தப் பெயர்கள்தான் இன்றைக்கும் அங்குள்ள ஊராட்சிகளின் பெயர்கள். மலையின் மேல் நெல் வயல் இருக்கிறது, மிளகுக் கொடி இருக்கிறது, தேவாரத்தில் இடம்பெற்ற கோயில் இருக்கிறது, புறநானூற்றுப் புலவர்கள் பாடிய ஓர் அரசனின் நினைவு இருக்கிறது. இயற்கையைப் பார்க்கவும், பழமையை அறியவும், கால் வலிக்க நடக்கவும் ஒரே மலை போதும் என்று தேடுகிற சேலம், நாமக்கல் சமவெளிக்காரருக்கு வீட்டுக்கு அருகில் கிடைத்திருக்கும் இடம் அது.

அடிவாரம் வரை

குமாரபாளையத்திலிருந்து திருச்செங்கோடு, நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி போய்ச் சேரலாம். அங்கேதான் மலைப்பாதை தொடங்குகிறது. மலைமேல் உள்ள செம்மேடு வரை கணக்கிட்டால் தூரம் 100 கிலோமீட்டரைத் தாண்டும். சமவெளியில் ஓடுகிற வேகம் மலையில் கிடையாது என்பதால் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் ஒதுக்கிக்கொள்வது நல்லது.

வழியும் வெறும் வழி அல்ல. திருச்செங்கோட்டு மலைமேல் பாதி ஆணும் பாதி பெண்ணுமாக அர்த்தநாரீசுவரர். நாமக்கல்லில் ஊர் நடுவே ஒற்றைப் பாறை, அதன் வயிற்றில் குடைந்த குடைவரைக் கோயில்கள். 8ஆம் நூற்றாண்டில் அதியர் மரபினர் குடைந்தவை அவை. நரசிம்மர், திரிவிக்கிரமர், வராகர் புடைப்புச் சிற்பங்கள் தமிழகக் குடைவரைக் கலையின் நல்ல மாதிரிகள். மலை ஏறும் அவசரத்தில் பலரும் ஆஞ்சநேயரை மட்டும் கும்பிட்டுவிட்டு இவற்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பயணத்தின் முதல் பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

இராசிபுரம் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு மலைப்பாதையும் உண்டு. அதில் வளைவுகள் குறைவு. ஆனால் முதல் முறை போகிறவர் காரவள்ளிப் பாதையை விட்டுவிடக் கூடாது.

கொண்டை ஊசி 1/70

காரவள்ளியைத் தாண்டியதும் முதல் வளைவில் எண் பலகை நிற்கும். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் எண் உண்டு. மலைமேல் உள்ள சோளக்காடு என்ற ஊரை அடையும்போது எண் 70 ஆகியிருக்கும். ஏற்காட்டுக்குச் சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருப்பவை 20. மோட்டார் சைக்கிள்காரர்களும் சைக்கிள் வீரர்களும் கொல்லிமலையைத் தேடி வருவதற்கு இந்தக் கணக்கே பாதிக் காரணம்.

கீழே வெயிலில் காய்ந்த முட்காடு. ஏற ஏற மரங்கள் உயர்கின்றன, காற்றில் ஈரம் கூடுகிறது, சன்னலைத் திறந்து வைக்கத் தோன்றுகிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டான கொல்லிமலையின் மேற்பரப்பு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உச்சி கூர்மையானதல்ல. ஏறி முடித்ததும் மேடும் பள்ளமுமாக விரிந்த இன்னொரு நாடு எதிரே வரும். அதனால்தான் அங்கே நெல் வயலும் சாலையும் சந்தையும் சாத்தியமாயின.

இந்தப் பாதையில் வண்டி ஓட்டுவதற்கு ஒழுங்கு இருக்கிறது. குறுகிய மலைச்சாலையில் மேலே ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது சட்ட விதி. வளைவுக்கு முன் ஹாரன் அடிப்பது இங்கே தொந்தரவு அல்ல, தேவை. பேருந்து திரும்பிக்கொண்டிருந்தால் அதன் உள்பக்கத்தில் நுழைந்து முந்தப் பார்க்கவே கூடாது.

ஏறுவதை விட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். இறக்கத்தில் ஓயாமல் பிரேக்கை மிதித்தால் உராய்வில் பிரேக் கட்டை சூடேறும். சூடு ஓர் அளவைத் தாண்டியதும் கட்டையின் பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் கொதித்து அதில் ஆவிக் குமிழ்கள் உண்டானால் மிதி பஞ்சாகத் தாழ்ந்துபோகும், வண்டி நிற்காது. இதற்கு மருந்து எளிது. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், பிரேக்குக்கு வேலை குறையும். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறோம் என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவது உயிரோடு விளையாடுவது. தலை சுற்றும் பழக்கம் உள்ளவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறாமல் இருப்பதும், முன் இருக்கையில் அமர்ந்து தூரத்தைப் பார்த்துக்கொண்டு வருவதும் நல்லது.

சொந்த வண்டிதான் வேண்டும் என்பதில்லை. நாமக்கல், சேலம் நகரங்களிலிருந்து அரசுப் பேருந்துகள் மேலே போகின்றன. அந்த 70 வளைவுகளையும் நாள்தோறும் ஏறி இறங்கும் ஓட்டுநர்களின் கைக்குப் பயணத்தை ஒப்படைத்துவிட்டுச் சன்னலோரம் உட்காருவதும் ஒரு சுகம்தான்.

ஓரியின் மலை

செம்மேட்டில் குதிரை மேல் அமர்ந்த ஒரு வீரனின் சிலை நிற்கிறது. அவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன், கொல்லிமலையை ஆண்டவன்.

வன்பரணர் என்ற புலவர் ஓரியைப் பற்றிப் பாடிய பாட்டு புறநானூற்றில் 152ஆவது. காட்டில் ஒரு வேடன் விட்ட அம்பு யானையை வீழ்த்துகிறது. அங்கே நிற்காமல் புலியின் வாய் வழியாகப் போய், மானை உருட்டி, காட்டுப் பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் குத்தி நிற்கிறது. வேட்டையில் இப்படி ஒரு கையா என்று வியக்கும் பாணர் கூட்டம் அவன் யாரென்று தெரியாமலே பாடி ஆடுகிறது. அவன் இறைச்சியும் தேறலும் கொடுத்து, தன் மலையில் கிடைத்த பொன்னையும் அள்ளிக் கொடுக்கிறான். அந்த வேடனே ஓரி. ஒரே அம்பில் ஐந்து விலங்கு என்பது புலவரின் கற்பனையாகவே இருக்கட்டும். காட்டில் எதிர்ப்பட்ட பசித்த கலைஞர்களுக்குக் கேள்வி கேட்காமல் கொடுத்தவன் என்ற பெயர் இரண்டாயிரம் ஆண்டாக அந்த மலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அவன் முடிவையும் சங்கப் பாட்டே சொல்கிறது. முள்ளூர் மன்னன் மலையமான் காரி போரில் ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்த செய்தி அகநானூற்றில் 209ஆவது பாட்டில் இருக்கிறது. விந்தை என்னவென்றால் அந்தக் காரியும் கடையெழு வள்ளல்களில் ஒருவன். கொடையில் ஒரே வரிசையில் வைக்கப்பட்ட இருவர் போரில் எதிரிகளாக நின்றிருக்கிறார்கள். பலாவும் தேனும் மிளகும் விளையும் ஒரு மலை அந்தக் காலத்து அரசர்களுக்கு எவ்வளவு பெரிய சொத்தாக இருந்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஓரியோடு இன்னொரு பெயரும் மலையில் உலவுகிறது, கொல்லிப்பாவை. தன் அழகாலும் சிரிப்பாலும் பகைவரை மயக்கி உயிர் வாங்கும் பதுமை ஒன்று இந்த மலையைக் காத்து நின்றதாக மரபு. சங்கப் பாடல்களில் வரும் தலைவர்கள் தங்கள் காதலியின் அழகுக்கு அந்தப் பாவையை உவமை சொல்லியிருக்கிறார்கள். மலையில் உள்ள எட்டுக்கை அம்மன் கோயிலைக் கொல்லிப்பாவையின் கோயிலாகவே மக்கள் கும்பிடுகிறார்கள்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் தொடக்கத்தில், ஆடிப்பெருக்கை ஒட்டி, அரசு சார்பில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடக்கிறது. மலர்க் கண்காட்சி, கலை நிகழ்ச்சிகள், வில்லாளன் பெயருக்குப் பொருத்தமாக வில்வித்தைப் போட்டி. ஆடி 18 அன்று குமாரபாளையம் முழுவதும் காவிரிக் கரையில் இருக்கும். எதிர்க்கரையில் பவானி கூடுதுறையில் கால் வைக்க இடம் இருக்காது. அதே நாளில் கொல்லிமலையிலும் ஆயிரக்கணக்கானோர் மலையில் ஓடும் ஐயாற்றில் முங்கி எழுந்து சாமி கும்பிடுகிறார்கள். கூட்டம் பிடித்தவர்களுக்கு அது நல்ல நாள். அமைதி வேண்டுவோர் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடலாம்.

கோயிலிலிருந்து அருவிக்கு

கொல்லிமலைக்குப் போய் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால், அது அறப்பளீஸ்வரர் கோயிலும் அதன் கீழே விழும் ஆகாய கங்கையும்தான். சம்பந்தரும் அப்பரும் தனிப் பதிகம் பாடாமல், தங்கள் பாடல்களுக்கு இடையே பெயர் சொல்லிப் போன வைப்புத் தலங்களில் இது ஒன்று. அம்பலவாணக் கவிராயரின் 'அறப்பளீசுர சதகம்' இந்த இறைவனை விளித்துப் பாடப்பட்ட நூல். பள்ளிப் பாடத்தில் அந்த நூலைச் சந்தித்தவர்கள் பலர். அந்த அறப்பளீசுரர் இருக்கும் இடம் இதுதான் என்று கோயில் வாசலில் நிற்கும்போதுதான் அவர்களில் பலருக்கும் தெரியவருகிறது.

கோயில் ஆற்று மீன்களைப் பற்றி ஒரு கதை உண்டு. பிடித்து அறுத்த மீன்களை இறைவன் மறுபடி பொருத்தி ஆற்றில் விட்டார் என்பது தலபுராணம். அதனால் இங்கே மீன் பிடிப்பதில்லை, பொரி போட்டுக் கும்பிடுவதே வழக்கம். பக்தி ஒரு பக்கம் இருக்க, ஓர் ஓடையின் மீன்கள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றப்பட்டதற்கு அந்தக் கதையே காவலாக இருந்திருக்கிறது.

கோயிலை அடுத்து படிக்கட்டு இறங்குகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். சில இடங்களில் செங்குத்து. கீழே மூன்று பக்கமும் பாறைச் சுவர், நடுவில் சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஐயாறு விழுகிறது. தண்ணீர் தலையில் விழும் முன்பே காற்றில் பறக்கும் சாரல் ஆளை நனைத்துவிடும். இந்த ஆறுதான் மலையை விட்டிறங்கித் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் சமவெளியைத் தொடுகிறது. அருவிக்கு அருகே கோரக்கர் குகை, காலாங்கி நாதர் குகை என்று சித்தர்கள் பெயரில் குகைகளும் உண்டு.

இறங்குவது யாருக்கும் சுலபம். ஏறுவதுதான் கேள்வி. மூட்டு வலி, இதயக் கோளாறு, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் கோயிலோடு நின்றுகொள்வதில் குறைவொன்றுமில்லை. தண்ணீர் பாட்டிலும் ஈரத்தில் வழுக்காத செருப்பும் வேண்டும். கையில் தின்பண்டப் பை தொங்கினால் குரங்குகள் விலாசம் கேட்காமல் வந்துவிடும். மழை கொட்டிய மறுநாள் அருவியில் வெள்ளம் மிகுந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். மேலே வெயில் அடிக்கிறதே என்று அந்தத் தடையை மீறக் கூடாது. மலையின் இன்னொரு மூலையில் பெய்யும் மழை சொல்லாமல் வந்து சேரும்.

குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருகிற குடும்பத்துக்கு மாசிலா அருவியும் 'நம் அருவி'யும் பொருத்தம். அதிகம் இறங்கி ஏற வேண்டியதில்லை. சீக்குப்பாறை, சேளூர் காட்சி முனைகளிலிருந்து கீழே விரியும் சமவெளியைப் பார்க்கலாம். வாசலூர்பட்டியில் படகு சவாரி உண்டு. மாசி பெரியண்ணசாமி கோயிலைக் குலதெய்வக் கோயிலாகக் கொண்ட குடும்பங்கள் சமவெளி மாவட்டங்களில் ஏராளம். அவர்களுக்குக் கொல்லிமலை சுற்றுலாத் தலமே அல்ல. முடி இறக்கவும் காது குத்தவும் வருகிற தாய்வீடு.

சாமை, குச்சிக்கிழங்கு, காபி

2011 கணக்கெடுப்பின்படி மலையில் வாழ்வோர் சுமார் 40,000 பேர். பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடியினர். இவர்கள் தமிழ் பேசும் மக்கள், கேரளத்தோடு தொடர்பில்லாதவர்கள். முன்னோர் காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்தார்கள், அண்ணன் தம்பி மூவர் சேர்வராயன், கொல்லி, பச்சை மலைகளில் குடியேறினார்கள் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு. நாடு, ஊர், கோயில் என்ற கட்டமைப்பும் கோயிலைச் சுற்றி வெட்டாமல் விட்ட காடுகளும் இந்த மக்களின் ஏற்பாடு. அந்தக் கோயில் காடுகளில்தான் மலையின் பழைய மரங்கள் பல மிஞ்சியிருக்கின்றன.

இவர்களின் பழைய உணவு சிறுதானியம். சாமை என்று நாம் ஒரே பெயரில் அழைப்பதில் அவர்களிடம் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று பல வகை. தினையிலும் கேழ்வரகிலும் அப்படியே. ஒன்று சீக்கிரம் விளையும், ஒன்று மழை குறைந்தாலும் தாங்கும், ஒன்று சோற்றுக்கு ருசி. ஒரு பருவம் பொய்த்தாலும் ஏதாவது ஒரு வகை வீட்டுக்கு வந்து சேரும் என்பதுதான் அந்தக் கணக்கு.

அந்தக் கணக்கைக் கலைத்தது சமவெளியின் தேவை. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளி வேண்டியிருந்தது. நம் ஊரில் குச்சிக்கிழங்கு என்கிறோமே, அதுதான். சாலை வந்ததும் லாரி வந்தது, லாரி வந்ததும் கிழங்குக்குக் கைமேல் காசு வந்தது. சாமைக் கொல்லைகள் கிழங்குக் கொல்லைகளாயின. ரேஷன் அரிசி வந்தபின் சாமைச் சோறு விருந்து நாளுக்கு ஒதுங்கியது. சரிவு நிலத்தில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் பெயர்ந்து மழையில் அடித்துப் போவது இன்னொரு இழப்பு. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக மலையில் பாக்சைட் வெட்டப்பட்ட காலமும் உண்டு. சமவெளித் தொழில்கள் மலையிலிருந்து எடுத்துக்கொண்டவை பல.

சிறுதானியம் குறைந்ததற்குப் பெண்களின் உழைப்பும் ஒரு காரணம். சாமையின் உமி எளிதில் போகாது. உரலில் போட்டு மணிக்கணக்கில் குத்த வேண்டும். அரிசி கடையில் கிடைக்கும்போது யார் குத்துவார்கள்? 1990களிலிருந்து கொல்லிமலையில் வேலை செய்துவரும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்தது. ஊர்களில் உமி நீக்கும் இயந்திரங்கள் அமைக்கவும், விதைகளை ஊரிலேயே சேமிக்கவும், மகளிர் குழுக்கள் சாமையையும் தினையையும் மாவாகவும் மற்ற பொருளாகவும் ஆக்கி விற்கவும் வழி செய்தது. 2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது உலகம் பேசிய பல விஷயங்களைக் கொல்லிமலைப் பெண்கள் அதற்கு முன்பே செய்து பார்த்திருந்தார்கள்.

இப்போது மலையில் காபியும் மிளகும் முக்கியப் பயிர்கள். நெட்டையாக வளர்ந்த சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதன் நிழலில் காபிச் செடி நிற்கும். அன்னாசி, பலா, மலை வாழை பருவத்துக்குப் பருவம் சோளக்காட்டுச் சந்தைக்கு வரும். வியாபாரிகள் வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு இறங்குவதைப் பார்ப்பதே ஒரு காட்சி.

கோயில் பக்கமும் செம்மேட்டிலும் முடவாட்டுக்கால் சூப் விற்கிறார்கள். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு வகைப் பெரணியின் கிழங்கு அது. மேலே பழுப்பு ரோமம் மூடியிருப்பதால் பார்க்க ஆட்டுக்கால்தான். மூட்டு வலிக்கு நல்லது என்று காலங்காலமாகச் சொல்கிறார்கள். ருசிக்காகவும் மிளகின் காரத்துக்காகவும் ஒரு குவளை குடிக்கலாம். மருத்துவர் கொடுத்த மாத்திரையை அதற்காக நிறுத்தக் கூடாது. கிலோ கணக்கில் கிழங்கை வாங்கிக் காரில் அடைத்துக்கொண்டு போவதும் வேண்டாம். அது காட்டில் மெதுவாக வளர்வது.

சுற்றுலா பெருகினால் மட்டும் மலை விவசாயம் பிழைத்துவிடும் என்று நினைக்க முடியாது. பிலிப்பைன்ஸ் நாட்டின் இஃபுகாவ் மலைப் படிக்கட்டு வயல்கள் 1995இல் உலக மரபுச் சின்னமாயின. பார்க்கக் கூட்டம் வந்தது. ஆனால் இளைஞர்கள் வயலை விட்டு வேலை தேடிப் போக, வரப்புகள் இடியத் தொடங்கின. 2001இல் அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் யுனெஸ்கோ அவற்றைச் சேர்த்தது. நிலைமை சீரான பிறகு, 2012இல்தான் நீக்கியது. அதே 2012இல் நம் கிழக்குத் தொடர்ச்சி மலையிலேயே உள்ள ஒடிசாவின் கோராபுட்டை, பழங்குடி மக்கள் காத்த நெல், சிறுதானிய வகைகளுக்காக, உலக அளவில் முக்கியமான வேளாண் மரபுப் பகுதியாக உலக உணவு, வேளாண் அமைப்பு ஏற்றது. கொல்லிமலையிலும் அதே மலைத்தொடர், அதே வகை விவசாயம். அங்கே போகிறவர்கள் அருவியோடு திரும்பிவிடாமல் அந்த வயல்களின் விளைச்சலுக்கும் காசு கொடுத்தால்தான் வயல் வயலாக இருக்கும்.

காட்டுக்குள் நடக்கலாமா?

நடக்கலாம், அனுமதியோடு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றம். 2024இல் அரசே மாநிலம் முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளை இணையப் பதிவு முறையோடு திறந்தது. சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலைப் பாதைகளும் அந்தப் பட்டியலில் உண்டு. மலையேற்றத்தை ஒழுங்காகத் தொடங்க விரும்பும் இளைஞர்களுக்கு அது நல்ல வாசல்.

புளியஞ்சோலையிலிருந்து ஆகாய கங்கைக்குக் காட்டு வழியாக ஏறும் பழைய தடம் ஒன்று இருக்கிறது. யாரோ வீடியோவில் போனார்களே என்று நான்கு நண்பர்கள் கிளம்பிவிடக் கூடாத பாதை அது. காட்டில் கரடி உண்டு. வழி தவறினால் கைபேசி சிக்னல் கைகொடுக்காது. கோடையில் சருகு காய்ந்து கிடக்கும்போது ஒரு பீடித் துண்டு போதும், சரிவு முழுவதும் எரிய.

காட்டுக்குள் நுழையாமலே நடக்க இடம் இருக்கிறது. ஊருக்கு ஊர் போகும் சிறு சாலைகளில், காலை பனி விலகும் நேரத்தில், ஒரு பக்கம் வயலும் மறுபக்கம் காபித் தோட்டமுமாக ஒரு மணி நேரம் நடந்தால் மலை புரியும். வயல் வரப்பில் இறங்குமுன் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். வீட்டு முற்றத்தையும் பெண்களையும் குழந்தைகளையும் கேட்காமல் படமெடுப்பது நம் தெருவில் நமக்குப் பிடிக்குமா என்று ஒரு முறை யோசித்தால் போதும்.

எப்போது, எப்படி?

மழை ஓய்ந்து அருவியில் தண்ணீர் நிறைந்திருக்கும் அக்டோபர் முதல் ஜனவரி வரை நல்ல காலம். மார்கழி, தை மாத இரவுகளில் சமவெளி ஆட்களுக்குக் கம்பளி இல்லாமல் முடியாது. கோடையில் அருவி மெலிந்தாலும் பலாவும் அன்னாசியும் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். கனமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் பயணத்தைத் தள்ளிப் போடுவதே சரி. பாதையில் பாறை உருண்டால் வண்டிகள் வழியிலேயே நிற்க வேண்டியிருக்கும்.

எரிபொருளை அடிவாரத்துக்கு முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும். இருட்டுவதற்கு முன் வளைவுகளை இறங்கி முடிக்கும்படி திட்டமிடுங்கள், அல்லது இறங்கவே வேண்டாம் என்று அங்கேயே தங்கிவிடுங்கள். செம்மேட்டிலும் அதைச் சுற்றியும் தங்கும் விடுதிகள் இருக்கின்றன. காலையில் ஏறி மாலையில் இறங்குகிற அவசரப் பயணத்தில் பாதி நேரம் ஸ்டியரிங் பிடிப்பதிலேயே போய்விடும். மலைக்குக் கிடைப்பதும் குப்பை மட்டுமே.

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மலையில் அதை மீறுவது இரட்டைத் தவறு, ஏனென்றால் அங்கே எறிகிற பை ஓடையில் விழுந்து ஐயாற்றோடு கீழே போகும். உடைத்த மதுப் பாட்டில் அருவிப் பாறையில் கிடந்தால் குத்துவது வெறுங்காலோடு வரும் பக்தரின் காலில். கொண்டுபோன குப்பையை ஒரு பையில் கட்டி வண்டியிலேயே திருப்பிக் கொண்டுவருவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

குமாரபாளையத்துக் குடும்பங்கள் அடுத்த முறை போகும்போது இரண்டு நாளாகப் போங்கள். அருவியில் குளித்துவிட்டுச் சோளக்காட்டில் ஒரு கிலோ சாமையும் கால் கிலோ மிளகும் கொஞ்சம் காபித் தூளும் விளைவித்தவர்களிடமே, பேரம் பேசாமல் வாங்குங்கள்.